வெப்பத்துக்காக ஒரு போர்: ஜெர்மனியில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு

என் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு போர் போட்டிருக்கிறேன். தண்ணீருக்காக இல்லை, வெப்பத்துக்காக. 2024 மார்ச்சில் ஆரம்பித்த வேலை 2025 மே மாதம்தான் முடிந்தது. அந்தப் பதினான்கு மாதத்தில் ஐந்து மாதம் சுத்தமாக வீண். மண் அடியில் கடினமாக இருந்ததோ, மிஷின் கிடைக்காததோ காரணம் இல்லை. எந்தக் காகிதம் முதலில், எது அடுத்து என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். சுமார் 15 மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணுக்குக் குளிரும் கிடையாது, கோடையும் கிடையாது. வருடம் முழுக்க 10 டிகிரி போல இருக்கும். அதற்கும் கீழே போகப்போக 100 மீட்டருக்கு 3 டிகிரி வீதம் கூடும். துளையில் யு வடிவப் பிளாஸ்டிக் குழாய்களை இறக்கி, உறையாத திரவத்தை ஓடவிட்டு, அந்த வெப்பத்தை எடுத்து, ஹீட் பம்ப் என்ற கரண்ட் மிஷின் வீட்டைச் சூடாக்குகிறது. கோடையில் ஓட்டத்தைத் திருப்பிவிட்டால் வீட்டு வெப்பம் மண்ணுக்குள் போகும். இங்கே இந்தக் குழாய்க்கு எர்ட்வேர்மசொண்ட என்று பெயர். கொட்டேஷனிலும் அரசுக் கடிதங்களிலும் அந்தச் சொல்தான் வரும்.

நான் இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கம். மண், தண்ணீர் தொடர்பான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் சொல்வது பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் நடந்தது. மானிய விதிகள் மட்டும் நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் அவையும் அடிக்கடி மாறுகின்றன, அதனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

1. முதலில் மண்ணைப் பாருங்கள், அப்புறம் விலை கேளுங்கள்

நான் செய்த முதல் தப்பு இது. ஒரு ஹீட்டிங் கம்பெனிக்குப் போன் போட்டேன். வந்தார்கள், பேஸ்மெண்டைப் பார்த்தார்கள், 140 மீட்டரில் ஒரே போர் என்று அழகாக ஒரு கொட்டேஷன் அனுப்பினார்கள். இரண்டு மாதம் அதை வைத்துக்கொண்டு பேங்க்கில் பேசிக்கொண்டிருந்தேன். என் தெருவில் 70 மீட்டருக்குக் கீழே துளைக்கவே முடியாது என்பது அதற்கப்புறம்தான் தெரியவந்தது.

இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். ஃப்ரைபுர்க்கில் இருக்கும் மாநில நிலவியல் அலுவலகம் இஸோங் என்ற இணைய வரைபடத்தை இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் இடத்தைச் சொடுக்கினால் ஆழ வரம்பு, தண்ணீர்ப் பாதுகாப்பு மண்டலம், அடியில் எந்தப் பாறை எந்த ஆழத்தில் வரலாம் என்பதெல்லாம் அறிக்கையாக வரும். அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் எந்தக் கம்பெனியிடமும் பேச வேண்டும். மற்ற மாநிலங்களிலும் இதைப் போல வரைபடங்கள் இருக்கின்றன.

அதில் மூன்று விஷயம் பாருங்கள்.

தண்ணீர்ப் பாதுகாப்பு மண்டலம் என்பது குடிநீர் எடுக்கும் இடங்களைச் சுற்றிய பகுதி. அதில் ஒன்றாவது அல்லது இரண்டாவது மண்டலத்தில் உங்கள் வீடு இருந்தால் போர் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். மூன்றாம் மண்டலம் என்றால் நிபந்தனைகளோடு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அனுமதி தரும் மாவட்ட அலுவலகத்துக்கு முதலிலேயே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது ஜிப்சம். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றி இதுதான் பெரிய தலைவலி. ஆழத்தில் அன்ஹைட்ரைட் என்று ஒரு பாறை காய்ந்து கிடக்கும். அதில் தண்ணீர் பட்டால் ஜிப்சமாக மாறி, கனஅளவு 60 சதவீதம் வரை ஊதும். 2007-இல் ஸ்டாவ்ஃபன் என்ற சின்ன ஊரில் நகராட்சிக் கட்டடத்தைச் சூடாக்க 140 மீட்டர் வரை ஏழு போர் போட்டார்கள். மேலே இருந்த தண்ணீர் துளை வழியாக அன்ஹைட்ரைட்டுக்குள் இறங்கி, பழைய ஊரே மேலெழும்பியது. 250-க்கும் மேற்பட்ட வீடுகளில் விரிசல். எங்களுக்குப் பக்கத்தில் பொப்லிங்கனிலும் இதே கதை நடந்திருக்கிறது. இந்த மாநிலத்தில் அதிகாரிகள் போர் என்றாலே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்குக் காரணம் இதுதான். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள்.

மூன்றாவது 100 மீட்டர். இதைத் தாண்டினால் சுரங்கச் சட்டப்படியும் அறிவிக்க வேண்டும். அணுக்கழிவுக் கிடங்குக்கு நாடு முழுக்க இடம் தேடிக்கொண்டிருப்பதால், நல்ல பாறையை யாராவது துளைத்துவிடுகிறார்களா என்றும் ஒரு பார்வை பார்ப்பார்கள். வீட்டுக்குச் சூடு தேடப் போனவன் அணுக்கழிவுச் சட்டம் படிக்கும் நிலை! கொட்டேஷன்களில் 99 மீட்டர் என்ற எண் ஏன் அடிக்கடி வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

போருக்கு வழியே இல்லையென்றால் பனித்தொட்டி என்று ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் பத்துக் கனமீட்டர் கான்கிரீட் தொட்டி புதைத்துத் தண்ணீர் நிரப்புவார்கள். குளிர்காலத்தில் ஹீட் பம்ப் அதிலிருந்து வெப்பத்தை எடுத்து எடுத்துத் தண்ணீரைப் பனிக்கட்டியாக்கிவிடும். தண்ணீர் உறையும்போது விடுகிற வெப்பம், அதே தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் காய்ச்சத் தேவைப்படும் வெப்பத்துக்குச் சமம். பத்துக் கனமீட்டர் ஒரு முறை முழுதாக உறைந்தால் 900 கிலோவாட் மணிக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். ஒரு குளிர்காலத்துக்கு அது போதாது. கூரையில் சூரியத் தகடு வைத்து நடுநடுவே உருக்க வேண்டும். நான் அந்த வழியில் போகவில்லை, அதனால் இதற்கு மேல் சொல்லவில்லை.

2. எத்தனை மீட்டர் என்று நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள்

எங்கள் வீட்டுக்குக் கடும் குளிரில் 9 கிலோவாட் வெப்பம் வேண்டும். இந்த எண்ணை அறை அறையாகக் கணக்கிட்டு எனர்ஜி ஆலோசகர் தந்தார். ஹீட் பம்ப் ஒரு பங்கு கரண்ட் எடுத்து நாலரைப் பங்கு வெப்பம் தருவதாக வைத்துக்கொண்டால், 9-இல் 2 கிலோவாட் கரண்ட், மீதி 7 கிலோவாட் மண்ணிலிருந்து வர வேண்டும். சாதாரணப் பாறையில் ஒரு மீட்டருக்கு 50 வாட் எடுக்கலாம் என்பது பொதுக் கணக்கு. 7,000-ஐ 50-ஆல் வகுத்தால் 140 மீட்டர். எனக்கு வரம்பு 70 என்பதால் இரண்டு போர். நடுவில் 6 மீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் வெப்பத்தை இன்னொன்று பிடுங்கிக்கொள்ளும்.

காய்ந்த மணல், கூழாங்கல் என்றால் 50 எல்லாம் கிடைக்காது, 20-25க்கு இறங்கிவிடும். வீட்டின் சதுர மீட்டரை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி மீட்டர் சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதை. போரில் மீட்டர் குறைந்தால் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. மூன்றாம், நான்காம் குளிர்காலத்தில் மண் ஆறிப்போய், கரண்ட் பில்தான் காட்டிக்கொடுக்கும்.

3. கொட்டேஷனில் தேட வேண்டியவை

போர் போடுகிறவரும் ஹீட் பம்ப் மாட்டுகிறவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். போர் கம்பெனியிடம் முதலில் கேட்க வேண்டிய காகிதம் டபிள்யூ 120-2 என்ற, போர் கம்பெனிகளுக்கான தகுதிச் சான்றிதழ், காலாவதி ஆகாததாக. அடுத்தது, யார் தவறு என்று பார்க்காமலே இழப்பீடு தரும் காப்பீடு. தவறு நிரூபிக்கப்பட்டால்தான் பணம் என்கிற சாதாரணக் காப்பீட்டுத் தாளை நீட்டுவார்கள், அது செல்லாது. இந்த இரண்டும் மானியத்துக்கும் தேவை.

விலை மீட்டர் கணக்கில் இருக்கட்டும். மொத்தமாக இவ்வளவு என்று எழுதினால், பாதியில் நிறுத்த நேரும்போது சண்டைதான் மிஞ்சும். துளைத்த சேற்றை அள்ளிக்கொண்டு போகும் செலவு, துளையிலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் பள்ளம் தோண்டும் செலவு, குழாயில் உறையாத திரவம் நிரப்பும் செலவு மூன்றும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வந்த மலிவான கொட்டேஷனில் இவை மூன்றும் இல்லை. சேர்த்துப் பார்த்தபோது அதுதான் எல்லாவற்றையும்விட அதிகம்!

வண்டி உள்ளே வருவதற்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். நாங்கள் ஒரு பக்கத்து வேலியைக் கழற்றி, அப்புறம் திரும்ப மாட்ட வேண்டியதாயிற்று.

4. ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் இருக்கும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

கே.எஃப்.டபிள்யூ என்ற அரசு வங்கியின் 458-ஆம் எண் மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போதே கையெழுத்தான ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஒப்பந்தத்தில், மானியம் ஒப்புதலானால்தான் இது அமலுக்கு வரும், அல்லது மறுக்கப்பட்டால் ரத்தாகும் என்று நிபந்தனை வரி ஒன்று இருந்தே ஆக வேண்டும். வேலை நடக்கப்போகும் தேதியும் வேண்டும். நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு விண்ணப்பித்தால், வேலையை முன்கூட்டியே தொடங்கிவிட்டீர்கள் என்று கணக்கு. மானியம் கிடையாது.

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் 2024 நவம்பரில், 'இந்த வார விலை' என்ற அவசரத்தில் இரண்டு பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது 16,500 யூரோ. பிறகு எவ்வளவோ எழுதிப் பார்த்தார். அந்த வரி இல்லை என்றால் இல்லைதான்.

நான் இன்னொரு நிபந்தனையும் சேர்க்கச் சொன்னேன்: தண்ணீர்ச் சட்ட அனுமதி கிடைக்காவிட்டாலும் ஒப்பந்தம் ரத்து. கம்பெனி முதலில் முணுமுணுத்தது, பிறகு ஒப்புக்கொண்டது.

5. மானிய விண்ணப்பம்

கணக்கு எளிது. அடிப்படை 30 சதவீதம். மண்ணிலிருந்து வெப்பம் எடுப்பதால் 5. நீங்களே குடியிருக்கும் வீட்டில், ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆயில் பாய்லரையோ இருபது வருடமான கேஸ் பாய்லரையோ கழற்றினால் 20. வரிக்குட்பட்ட குடும்ப வருமானம் 40,000 யூரோவுக்கு உட்பட்டால் இன்னும் 30. எல்லாம் கூட்டினாலும் 70-க்கு மேல் தரமாட்டார்கள். ஒரு குடும்ப வீட்டுக்கு 30,000 யூரோ வரையான செலவுக்குத்தான் இந்தச் சதவீதம். அதற்கு மேல் ஆவது முழுக்க உங்கள் பை. எனக்கு 30, 5, 20 சேர்ந்து 55 சதவீதம், அதாவது 16,500.

காகிதங்கள்: எனர்ஜி ஆலோசகரோ கம்பெனியோ இணையத்தில் உருவாக்கித் தரும் விண்ணப்ப உறுதிச் சான்று. கடிதங்களில் அதை பி.ட்ஸெட்.ஆ என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். அதன் எண் இல்லாமல் போர்ட்டல் அடுத்த பக்கத்துக்கே போகாது. அப்புறம் ஒப்பந்தம். 20 சதவீத போனஸ் கேட்டால் நிலப் பதிவேட்டு நகலும், குடியிருப்புப் பதிவுச் சான்றும். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் நகலில் இரண்டு பெயரும் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும் இருக்கட்டும். நம் ஊர்ப் பெயர்களில் முதல் பெயர் எது, குடும்பப் பெயர் எது என்பது ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு மாதிரி பதிந்திருக்கும். என் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் பின்னால், நிலப் பதிவேட்டில் முன்னால். அதைச் சரிசெய்யவே மூன்று வாரம் போயிற்று.

ஒப்புதல் வந்த நாளிலிருந்து வேலையை முடிக்க 36 மாதம் அவகாசம். அவசரப்பட வேண்டாம். ஆனால் பணம் கடைசியில்தான் வரும். முழுத் தொகையையும் நீங்கள் முதலில் கட்டி, பில்களைக் காட்டிய பிறகுதான் மானியம். அதற்குத் தகுந்த மாதிரி கையிருப்போ கடனோ வைத்துக்கொள்ளுங்கள். எதையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

6. தண்ணீர்ச் சட்ட அனுமதி

இது லாண்ட்ராட்ஸாம்ட் எனப்படும் மாவட்ட அலுவலகத்தின் தண்ணீர்ப் பிரிவு தருவது. மானிய விண்ணப்பம் ஓடும்போதே இதையும் ஓடவிடலாம். வழக்கமாக போர் கம்பெனியே நிரப்பி அனுப்பும், கையெழுத்து மட்டும் உங்களுடையது. மனை வரைபடம், துளைகள் எங்கே என்று எல்லைக்கோட்டிலிருந்து அளவு போட்ட படம், எதிர்பார்க்கும் பாறை அடுக்குகள், திரவத்தின் பாதுகாப்புத் தாள், கம்பெனியின் சான்றிதழ், காப்பீடு ஆகியவை இணைப்பு. கட்டணம் சில நூறு யூரோ. எனக்கு ஏழு வாரம் ஆனது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் படியுங்கள். நான் படிக்கவில்லை. பயன்பாடு என்ற இடத்தில் 'சூடாக்க' என்று மட்டும் டிக் போட்டிருந்தார்கள், 'குளிர்விக்க' என்ற கட்டம் காலி. வீட்டைக் குளிர்விப்பது என்றால் மண்ணுக்குள் வெப்பத்தை இறக்குவது. நிலத்தடி நீர் சூடாகுமா என்று அவர்கள் தனியாகப் பார்க்க வேண்டும். அனுமதி வந்த பிறகு கண்டுபிடித்து, திருத்தம் கேட்டு, திரும்ப இரண்டு மாதம். இப்போது குளிர்விக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள்.

துளைக்க ஆரம்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே நிலவியல் அலுவலகத்துக்கு அறிவிப்பு போக வேண்டும். அனுப்பியாயிற்றா என்று கம்பெனியிடம் கேட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. போர் போடும் நாட்கள்

காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். எங்கள் ஊரில் மூன்று போர் பொய்த்த தோட்டம் அவருடையது. தேங்காயைக் கையில் வைத்து நடக்கிறவரைக் கூப்பிட்டு இடம் பார்த்த மனிதர்.

"தண்ணி எத்தனை அடியில வந்துச்சுப்பா?"

"தண்ணி வந்துடக் கூடாதுன்னுதான் எல்லாரும் நிக்கறோம்பா."

"அப்புறம் எதுக்குடா போர் போடற?"

உண்மையில் அப்படித்தான். அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தால் வேலை நிற்கும், அடைக்க வேண்டும், செலவு எகிறும். அந்தச் செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய வரி.

சாம்பல் சேறு வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு ஆழத்திலும் கொஞ்சம் எடுத்து, கட்டம் கட்டமான பெட்டியில் வரிசையாக வைப்பார்கள். 60 மீட்டரைத் தாண்டியதும் நிலவியலாளர் பெட்டி பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. 64-இல் வெள்ளையாக நார் நாராக ஒரு துண்டு. கழுவினார், அமிலம் ஒரு சொட்டு விட்டார், நுரைக்கவில்லை, ஆகவே சுண்ணாம்பு இல்லை. கட்டை விரல் நகத்தால் கீறினார். கோடு விழுந்தது. ஜிப்சம் நகத்துக்கே கீறும், அன்ஹைட்ரைட் கீறாது. ஆனால் ஜிப்சம் வந்துவிட்டால் அதற்குக் கீழே அன்ஹைட்ரைட் இருக்கலாம். கையைத் தூக்கினார், மிஷின் நின்றது. இரண்டாவது துளை 63-இல் நின்றது. 140 மீட்டருக்குத் திட்டம் போட்டு 127 கிடைத்தது. மீட்டர் கணக்கில் விலை பேசியிருந்ததால் அந்த 13 மீட்டருக்குப் பணம் கட்டவில்லை. ஹீட் பம்ப் திட்டக்காரர் திரும்பக் கணக்குப் போட்டார். கோடையில் மண்ணுக்கு வெப்பம் திருப்பிக் கொடுப்பதையும் சேர்த்தால் ஓட்டிவிடலாம் என்றார். அந்த டிக் மார்க்குக்காக அலைந்தது அப்போதுதான் வீண் இல்லை என்று தோன்றியது.

துளையை மூடும் வேலையை மட்டும் கண்ணால் பாருங்கள். குழாயைச் சுற்றி சிமெண்டும் பெண்டோனைட் என்ற களிமண்ணும் சேர்ந்த கலவை அடியிலிருந்து மேலே ஏற வேண்டும், மேலிருந்து ஊற்றக் கூடாது. இங்கே இறங்கிய கலவையின் அளவையும் அடர்த்தியையும் கருவி பதிவு செய்கிறது. மேலே இருக்கும் தண்ணீர் கீழே இறங்காமல் காப்பது அந்தக் கலவைதான். பதிவுத் தாளையும் குழாய்களின் அழுத்தச் சோதனைத் தாளையும் அன்றே கேட்டு வாங்குங்கள்.

8. முதல் கோடை

ஜூலையில் வெளியே 34 டிகிரி, உள்ளே 25-ஐத் தாண்டவில்லை. தரைக்கடிக் குழாய்களில் போரின் குளிர் ஓடுகிறது, ஹீட் பம்பின் கம்பரசர் ஓடவே இல்லை. சுற்றோட்டப் பம்புகளுக்கு மட்டும் ஒரு பழைய குண்டு பல்பு அளவுக் கரண்ட். சுவரில் ரேடியேட்டர் மட்டும் இருக்கும் வீட்டில் இந்த அளவு வராது. ஈரப்பத உணரியைக் கட்டாயம் மாட்டுங்கள், இல்லாவிட்டால் தரை வியர்த்து வழுக்கும்.

இங்கே விற்பனையாளர்கள் ஒரு கதை விடுவார்கள்: ஜூலை வெப்பத்தை ஜனவரிக்குச் சேமித்துக்கொள்ளலாம் என்று. ஒன்றிரண்டு போரில் அது நடக்காது. மே மாதம் 11 டிகிரியாகத் திரும்பி வந்த திரவம் செப்டம்பரில் 15-ஐத் தொட்டது. நவம்பர் பாதிக்குள் அந்தக் கூடுதல் சூடு காணாமல் போனது. ஒரு டம்ளர் காபி ஆறுவதற்கும் கல்யாண வீட்டு அண்டா சாம்பார் ஆறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. வெப்பம் நிற்க வேண்டுமானால் பெரிய கொள்ளளவு வேண்டும். இதே மாநிலத்தில் க்ரைல்ஸ்ஹைம் ஊரில் ஒரு குடியிருப்புக்கு 55 மீட்டர் ஆழத்தில் 80 போரை நெருக்கமாகப் போட்டு, 37,500 கனமீட்டர் மண்ணைச் சூரியத் தகடுகளால் சூடேற்றுகிறார்கள். அந்த அளவில்தான் பருவம் தாண்டிச் சேமிப்பு என்ற பேச்சு எடுபடும். நம் தோட்டத்தில் நடப்பது, குளிர்காலம் சுரண்டிய மண்ணுக்குக் கோடையில் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பது. மண் வருடாவருடம் ஆறிக்கொண்டே போகாது, அதற்காகச் செய்யலாம். கூரையில் தனித் தகடு வாங்கி அதற்காகவே செலவழிக்காதீர்கள்.

9. செலவும் கடைசிக் காகிதங்களும்

என் கணக்கு: போர், குழாய், கலவை, பள்ளம் எல்லாம் சேர்ந்து மீட்டருக்கு 95 யூரோ வீதம் 127 மீட்டருக்கு 12,065. ஹீட் பம்ப், தண்ணீர்த் தொட்டி, பழைய பாய்லரைக் கழற்றுவது, குழாய்களில் தண்ணீர் ஓட்டத்தைச் சமப்படுத்துவது எல்லாம் 27,400. அனுமதி, ஆலோசகர், வேலி என்று இன்னொரு 1,500. கிட்டத்தட்ட 41,000. மானியம் போகக் கையிலிருந்து 24,500.

மின் வலையமைப்பு நிறுவனத்தில் ஹீட் பம்பைப் பதிவு செய்ய வேண்டும், எலக்ட்ரீஷியன் செய்வார். மானியப் பணம் வர, வேலை முடிந்ததற்கான உறுதிச் சான்றும் பில்களும் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். பில்லில் உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் சரியாக இருக்கட்டும். ஒரு பில்லில் தெரு எண் மாறி இருந்ததால் திருப்பி அனுப்பினார்கள்.

புல் முளைத்துவிட்டால் துளை எங்கே இருந்தது என்று உங்களுக்கே தெரியாது. மூடுவதற்கு முன் வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து டேப் பிடித்து அளந்து, டேப்போடு சேர்த்துப் படம் எடுத்து, அனுமதிக் கடிதத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். எனக்கு அது ஆறே மாதத்தில் தேவைப்பட்டது. மனைவி ஒரு ஆப்பிள் மரக்கன்று வாங்கி வந்து, சரியாக இரண்டாவது போரின் தலையில் குழி தோண்ட ஆரம்பித்திருந்தார்.